ஹார்ஷ் 70ஸ் ரியாலிட்டி: இரைச்சலுக்குள்ளே மூன்று பேர்

இரட்டை இசைத்தட்டு வெளியிடுகிறவர்கள் முதல் பக்கத்தில் எதை வைப்பார்கள்? கேட்கிறவரைச் சட்டென்று பிடித்து உட்கார வைக்கிற பாட்டு எதுவோ அதைத்தான். நியூசிலாந்தைச் சேர்ந்த தி டெட் சி என்கிற மூவர் குழு 1992-ல் 'ஹார்ஷ் 70ஸ் ரியாலிட்டி' ஆல்பத்தை வெளியிட்டபோது, முதல் பக்கம் முழுவதையும் 'டிரைவர் யு.எஃப்.ஓ.' என்கிற ஒரே துண்டுக்குக் கொடுத்துவிட்டது. இருபது நிமிடத்துக்கு மேல் ஓடும். மெட்டு என்று பிடித்துக்கொள்ள எதுவும் கிடைக்காது. கம்பிகள் உரசும், கிடாரின் ஒலியைப் பெருக்கும் ஆம்ப் முனகும், டிரம்ஸ் வந்து சேரும், விலகும், திரும்ப வரும், எல்லாவற்றுக்கும் அடியில் டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' ஓடிக்கொண்டே இருக்கும். இதைத் தாண்டி வருகிறவர்களுக்குத்தான் இரண்டாம் பக்கம்.

இந்த ஆல்பம் எனக்கு மிகவும் பிடிக்கும். ஏன் பிடிக்கும் என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்கிற பதிலை இங்கே விரிவாக எழுதிவிடலாம் என்று நினைக்கிறேன், ஏனென்றால் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைத்தான் சொல்கிறார்கள். ஒரு தரப்பு, நல்ல இசை மோசமான பதிவில் மாட்டிக்கொண்டது, யாராவது சுத்தம் செய்து கொடுத்தால் நன்றாக இருக்கும் என்கிறது. இன்னொரு தரப்பு, மோசமாக ஒலிப்பதே ஒரு பெருமை என்று கும்பிடுகிறது. இரண்டிலும் எனக்கு உடன்பாடில்லை. இந்த இசையில் பதிவுக் கருவியும் வாசித்துக்கொண்டிருக்கிறது, மூன்று பேர் வாசித்ததும் டேப் அதை வாங்கிக்கொண்ட விதமும் சேர்ந்துதான் ஆல்பம், ஒன்றிலிருந்து மற்றதை உரித்தெடுக்க முடியாது. நான் சொல்ல வருவது இவ்வளவுதான். ஆனால் அதற்கு முன்னால் அந்த ஊரைப் பற்றிக் கொஞ்சம் பேசியாக வேண்டும்.

டனீடன், நியூசிலாந்தின் தென்தீவில், ஏறக்குறைய 46 டிகிரி தெற்கு அட்சரேகையில் இருக்கிறது. குளிரான பல்கலைக்கழக நகரம். பக்கத்திலேயே போர்ட் சால்மர்ஸ் என்கிற சின்ன துறைமுக ஊர். 1882-ல் நியூசிலாந்திலிருந்து இங்கிலாந்துக்கு உறைய வைத்த இறைச்சியை முதன்முதலாக ஏற்றிப்போன கப்பல் இங்கிருந்துதான் கிளம்பியது, ராபர்ட் ஸ்காட் தென்துருவத்துக்குப் போனபோது கடைசியாக விட்ட கரையும் இதுதான். உலக இசைச் சந்தையிலிருந்து பார்த்தால் இதைவிடத் தொலைவான இடத்தைத் தேடுவது கஷ்டம். டெட் சி-யின் கதை இந்த இரண்டு ஊர்களுக்கு நடுவே நடக்கிறது.

டனீடன் பெயர் ஏற்கெனவே வேறு காரணத்துக்காக ராக் ரசிகர்களுக்குத் தெரிந்திருந்தது. 1981-ல் கிறைஸ்ட்சர்ச்சில் ரோஜர் ஷெப்பர்ட் ஃபிளையிங் நன் என்கிற இசைத்தட்டு நிறுவனத்தைத் தொடங்கினார். அடுத்த வருடமே தி சில்ஸ், தி வெர்லெய்ன்ஸ், ஸ்னீக்கி ஃபீலிங்ஸ், தி ஸ்டோன்ஸ் என்று நான்கு டனீடன் குழுக்களுக்கு ஆளுக்கொரு பக்கம் கொடுத்து ஓர் இரட்டைத்தட்டு வந்தது. அதைப் பதிவு செய்தது பெரிய ஸ்டுடியோவில் இல்லை, கிறிஸ் நாக்ஸ் என்கிற இசைக்கலைஞர் வைத்திருந்த நான்கு டிராக் (ஒரே நாடாவில் நான்கு தனித்தனி ஒலித்தடம்) டேப் மெஷினில். அந்த மெஷின் நியூசிலாந்து இசைக்குச் செய்தது கொஞ்சநஞ்சமல்ல. ஒரு தலைமுறைக்கே ஸ்டுடியோ வாடகை என்கிற வாசற்படியை அது எடுத்துவிட்டது. அந்தக் குழுக்களின் இசை பெரும்பாலும் கிடார் மணி மாதிரி ஒலிக்கிற, மெட்டு நிறைந்த பாப். வெளியுலகம் அதைத்தான் டனீடன் சவுண்ட் என்றது.

அதே ஊர்க்காரர்கள்தான் டெட் சி-யும். எண்பதுகளின் பிற்பகுதியில் சேர்ந்தார்கள். டிரம்ஸ் வாசிக்கிற ராபி யேட்ஸ், வெர்லெய்ன்ஸில் வாசித்தவர். அது நுணுக்கமாக எழுதி அமைத்த பாட்டுகள் கொண்ட குழு, அங்கே டிரம்மர் ஒவ்வொரு திருப்பத்தையும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். கிடாரும் குரலும் மைக்கேல் மார்லி, ஓவியரும்கூட. இன்னொரு கிடார் புரூஸ் ரசல். இவர் கிடாரை முறையாகக் கற்றவரல்ல, கற்கவும் நினைக்கவில்லை. ஸ்வரம், கார்டு (பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டுவது) என்று வாசிக்காமல் கிடாரையும் ஆம்பையும் ஒரே கருவியாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து என்ன சத்தம் வருகிறது என்று பார்க்கிற ஆள். ஆக, தேர்ந்த தாளக்காரர் ஒருவர், பாட்டு எழுதத் தெரிந்த ஒருவர், கிடாரை ஒலி எழுப்பும் மரக்கட்டையாகப் பார்க்கிற ஒருவர். இந்தச் சேர்க்கை எனக்கு ரொம்ப முக்கியமாகத் தோன்றுகிறது. மூன்று பேரும் ரசல் மாதிரி இருந்திருந்தால் ஆல்பம் பத்து நிமிடத்தில் சலித்திருக்கும். மூன்று பேரும் யேட்ஸ் மாதிரி இருந்திருந்தால் இன்னொரு நல்ல ராக் குழு கிடைத்திருக்கும், அவ்வளவே.

முதல் ஆல்பத்தை 1988-லும் அடுத்ததை 1989-லும் ஃபிளையிங் நன்னே வெளியிட்டது. ஆனால் அந்த நேரத்தில் நிலைமை மாறிக்கொண்டிருந்தது. 1984-ல் வந்த தொழிற்கட்சி அரசு, நிதியமைச்சர் ரோஜர் டக்ளஸ் தலைமையில், நியூசிலாந்துப் பொருளாதாரத்தைத் தலைகீழாகத் திருப்பிப் போட்டது. மானியங்கள் போயின, நாணயத்தின் மதிப்பு சந்தையின் கைக்குப் போனது, வேலையில்லாதவர்கள் எண்ணிக்கை ஏறியது. இசைத்தட்டுக்காரர்களுக்கு அதைவிட நேரடியான அடி ஒன்று விழுந்தது: லோயர் ஹட்டில் இ.எம்.ஐ. நடத்திவந்த தட்டு அச்சிடும் ஆலை 1987-ல் மூடப்பட்டது. அதற்கப்புறம் உள்நாட்டில் இசைத்தட்டு அச்சிட வழியில்லை, வெளிநாட்டுக்குத்தான் அனுப்ப வேண்டும். சில நூறு பேர் மட்டுமே வாங்கக்கூடிய இசைக்கு இந்தக் கணக்கு கட்டுப்படியாகாது. ஃபிளையிங் நன்னும் ஆக்லாந்துக்கு இடம் மாறி, ஓரளவு விற்கக்கூடிய குழுக்கள் பக்கம் சாய்ந்தது. ஓரத்தில் நின்றவர்கள் வெளியே நின்றார்கள்.

ரசல் அப்போது செய்ததுதான் இந்தக் கதையின் திருப்பம். 1988-ல் எக்ஸ்பிரஸ்வே என்கிற பெயரில் சொந்தமாக ஒரு வெளியீட்டைத் தொடங்கினார். பெரும்பாலும் கேசட்டுகள், தபாலில் விற்பனை. டெட் சி, அலஸ்டேர் கால்பிரெய்த், பீட்டர் ஜெஃப்ரீஸ் என்று அந்த வட்டாரத்தில் யாருக்கும் வேண்டாதவர்களின் இசை அதில் வந்தது. கேசட்டில் ஒரு வசதி: ஆயிரம் பிரதி ஒரேயடியாக அச்சிட வேண்டாம். பத்து பேர் கேட்டால் பத்து, அப்புறம் இன்னும் ஐந்து பேர் கேட்டால் ஐந்து, வீட்டிலேயே நகலெடுக்கலாம். எக்ஸ்பிரஸ்வே 1993 வரைக்கும் ஓடியது. அந்தச் சில வருடங்களில் போர்ட் சால்மர்ஸிலிருந்து போன தபால் உறைகள் அமெரிக்காவில் சரியான ஆட்களின் கையில் விழுந்தன. பிலடெல்ஃபியாவில் சில்ட்பிரீஸ் என்கிற சின்ன நிறுவனம் நடத்திய டாம் லாக்ஸ் அவர்களில் ஒருவர். அவர்தான் அமெரிக்காவில் டெட் சி-யைத் தட்டில் போட ஆரம்பித்தார், 'ஹார்ஷ் 70ஸ் ரியாலிட்டி'யும் சில்ட்பிரீஸ் வெளியீடுதான்.

இதில் எனக்குப் பட்ட ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஆலை மூடியது நல்லது என்று நான் சொல்லமாட்டேன், பலருடைய வேலை போன விஷயம் அது. ஆனால் யாருமே காத்திருக்காத இடத்தில் இருந்து வாசிக்கிறபோது ஒருவருக்குக் கிடைக்கிற சுதந்திரம் தனி. இந்தப் பாட்டு நீளம், இந்தக் குரல் கேட்கவில்லை, இதை வானொலியில் போட மாட்டார்கள் என்று சொல்ல ஆளில்லை. கணக்கு பார்க்கிற மேலாளர் இல்லை. தட்டு பூமியின் மறுபக்கத்தில் வெளியாகிறது, வாங்குகிறவரின் முகமும் தெரியாது. அப்படிப்பட்ட இடத்தில் இருந்துதான் இருபது நிமிடத் துண்டை முதல் பக்கத்தில் வைக்கிற தைரியம் வரும்.

வருடத்தையும் கவனியுங்கள். 1992. அமெரிக்க ராக் குழுவான நிர்வாணாவின் இரண்டாவது ஆல்பம் வந்து சில மாதங்கள், பெரிய நிறுவனங்கள் சத்தமாக வாசிக்கிற குழுக்களைத் தேடித் தேடி ஒப்பந்தம் போட்டுக்கொண்டிருந்த நேரம். டிஸ்டார்ஷன் கிடார், அதாவது ஒலியை வேண்டுமென்றே கரகரக்க வைத்த கிடார், நல்ல ஸ்டுடியோவில், நல்ல மைக்கில், பளபளவென்று பதிவாகி வந்துகொண்டிருந்தது. அந்தப் பதிவுகளில் கிடார் எவ்வளவு கத்தினாலும் குரலுக்கு வழி விட்டே கத்தும். டிரம்ஸ் ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் இருக்கும். சத்தம் இருக்கும், ஆனால் எல்லாம் வரிசையாக அடுக்கி வைத்த சத்தம். டெட் சி அதே வருடம் கொடுத்ததில் எதற்கும் தனி இடம் கிடையாது.

சரி, இப்போது டேப்புக்கு வருவோம்.

கேசட்டுக்குள் இருக்கும் நாடாவின் அகலம் 3.81 மில்லிமீட்டர். அது நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகத்தில் ஓடும். தொழில்முறை ஸ்டுடியோக்களில் இருபத்துநான்கு டிராக் பதிவுக்கு இரண்டு அங்குல நாடா, நொடிக்கு 38 அல்லது 76 சென்டிமீட்டர் வேகம். அதாவது ஸ்டுடியோவில் ஒரு டிராக்குக்கு ஒரு நொடியில் கிடைக்கிற காந்தப் பரப்போடு ஒப்பிட்டால் கேசட்டில் கிடைப்பது ஓர் ஓரத்துணுக்கு. அந்தப் பரப்பு குறையக் குறைய நாடாவின் சொந்த இரைச்சல் மேலே தெரியும். நாடாவில் பூசியிருக்கிற காந்தத் துகள்கள் ஒழுங்கில்லாமல் கிடப்பதுதான் அந்த 'ஸ்ஸ்ஸ்'. இரைச்சல் குறைப்பு வசதி இல்லாத சாதாரண கேசட்டில் மிகப் பெரிய சத்தத்துக்கும் இந்த அடி இரைச்சலுக்கும் உள்ள தூரம் ஏறக்குறைய 50 டெசிபல். சி.டி.-யில் அது 96. எனவே கேசட்டில் பதிவாகிற எந்த அமைதியும் முழு அமைதியாக இருக்க முடியாது. வாசிக்கிறவர்கள் நிறுத்தினாலும் டேப் நிறுத்தாது.

மேல் எல்லையில் நடப்பது இன்னும் சுவாரசியம். காந்தத் துகள்களால் ஓரளவுக்கு மேல் வாங்கிக்கொள்ள முடியாது. அதற்கு மேல் ஒலி வந்தால் அலையின் உச்சி மழுங்கும். மழுங்கிய அலை என்பது புதிய மேற்சுரங்கள் சேர்ந்த அலை, அதாவது யாரும் வாசிக்காத சுரங்கள் நாடாவில் முளைக்கின்றன. உயர் அலைவரிசைகள்தான் சீக்கிரம் நிரம்பும். அதனால் டிரம்ஸ் சிம்பலின் கூர்மை முதலில் போகிறது, அது கிடாரின் டிஸ்டார்ஷனோடு கரைந்து எது உலோகத் தட்டு எது கம்பி என்று பிரிக்க முடியாத ஒரே புகையாகிறது. அதோடு, வீட்டு ரெக்கார்டர் பலவற்றில் ஒலி அளவைத் தானே சரிசெய்கிற சுற்று ஒன்று இருக்கும். ஓங்கி ஓர் அடி விழுந்தால் அது எல்லாவற்றையும் அமுக்கும், அடி அடங்கியதும் மெல்ல எல்லாவற்றையும் தூக்கும், அப்போது அறையின் முனகலும் ஆம்பின் ஹம்மும் மேலே எழும். டிரம்ஸ் அடிக்க அடிக்க மொத்த அறையும் மூச்சு விடுகிற மாதிரி ஆகிவிடும்.

தி டெட் சி-யின் இசையை நான் கேட்கும்போது இந்த மூச்சைத்தான் முதலில் கேட்கிறேன். ஸ்டுடியோவில் ஒவ்வொரு கருவியையும் தனி மைக்கில் பிடித்து அப்புறம் கலந்திருந்தால் இது வந்திருக்காது. அறைக்குள் காற்று எப்படிக் கலந்ததோ அப்படியே டேப்பில் விழுகிறது, விழும்போது டேப் அதை இன்னொரு முறை கலக்கிறது. யார் வாசித்தது எங்கே முடிந்தது, கருவி சேர்த்தது எங்கே தொடங்கியது என்று கோடு போட முடியவில்லை. இதை எடுத்துவிட்டு 'உள்ளே இருக்கும் பாட்டை' மட்டும் கொடுங்கள் என்று கேட்பது, தம்பூராவின் தந்திக்கு அடியில் வைக்கிற நூலை உருவிவிட்டுச் சுருதி மட்டும் கொடுங்கள் என்று கேட்பது மாதிரி. அந்த நூல் இல்லாவிட்டால் தந்தி வெறுமனே 'டொய்ங்' என்று அடித்து அடங்கும். நூல் சரியான இடத்தில் உரசுவதால்தான் அந்த ரீங்காரம் பிறக்கிறது, மேற்சுரங்கள் விரிகின்றன. ரீங்காரத்தைக் குறை என்று நம்மில் யாரும் நினைப்பதில்லை, அது இல்லாத தம்பூராவைத்தான் குறையுள்ளது என்கிறோம்.

சுருதி என்று வந்ததால் இதையும் பேசிவிடலாம். டெட் சி-யின் இரண்டு கிடார்களும் ஒன்றுக்கொன்று சுருதி சேர்ந்திருப்பதாகப் பல இடங்களில் தோன்றாது. பழகாத காதுக்கு இது பிழையாகத்தான் படும். ஆனால் உள்ளே நடப்பதைக் கவனித்தால் வேறு ஒன்று தெரியும். ஒரு கம்பி நொடிக்கு 440 முறை அதிர்கிறது, இன்னொன்று 443 என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேரும்போது நொடிக்கு மூன்று முறை ஒலி எழுந்து அமிழும். அது ஒரு தாளம், யாரும் கையால் போடாத தாளம். இரண்டு கிடார், பத்துப் பன்னிரண்டு கம்பி, ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு தனி வேகம், அதோடு ஆம்பின் டிஸ்டார்ஷனில் இந்த அலைகளின் கூட்டலும் கழித்தலும் புதிய சுரங்களாக வெளியே வருகின்றன. ஃபீட்பேக்கும் அப்படித்தான்: ஆம்பின் ஒலி கம்பியை அதிரச் செய்கிறது, கம்பியின் அதிர்வு ஆம்புக்குப் போகிறது, எந்தச் சுரத்தில் அது சுழலும் என்பது வாசிக்கிறவர் எங்கே நிற்கிறார், கிடாரை எந்தப் பக்கம் திருப்பியிருக்கிறார் என்பதைப் பொறுத்தது. அரை அடி நகர்ந்தால் வேறு சுரத்துக்குத் தாவிவிடலாம். அதனால் ஃபீட்பேக் வாசிக்கிறவருக்கு விரலைவிடக் காலும் காதும் முக்கியம். 'டிரைவர் யு.எஃப்.ஓ.' கேட்கும்போது இரண்டு பேர் ஓர் அறைக்குள் மெதுவாக நகர்ந்து இடம் தேடுவதைக் கேட்கிற உணர்வு எனக்கு வருகிறது.

'யார் வேண்டுமானாலும் இதைச் செய்யலாமே' என்று கேட்பார்கள். கிடாரை ஆம்ப் முன்னால் வைத்துவிட்டு டேப்பை ஓடவிடுவதை யார் வேண்டுமானாலும் செய்யலாம்தான். அதற்கப்புறம் என்ன செய்வது என்பதில்தான் பெரும்பாலோர் சறுக்குகிறார்கள். ஒருவர் ஓர் ஓலத்தைப் பிடித்துவிட்டார் என்றால் மற்றவர் அதன் மேலேயே இன்னொரு ஓலத்தை ஏற்றக் கை துடிக்கும். டெட் சி அநேகமாக அப்படிச் செய்வதில்லை. ஒருவர் பிடித்ததை மற்றவர்கள் விட்டு வைக்கிறார்கள், சில சமயம் நிமிடக்கணக்கில். யேட்ஸ் இதில் மேதை. தாளத்தைக் கொண்டுவந்து ஒட்டிவிடாமல், வருகிற சத்தத்தின் எடையைப் பார்த்து ஓர் அடி, இரண்டு அடி, அப்புறம் நிறுத்தம், அப்புறம் திடீரென்று முழு வேகம் என்று வாசிக்கிறார். எப்போது வாசிக்கக்கூடாது என்று தெரிந்த டிரம்மர் கிடைப்பது அபூர்வம். பாட்டு இலக்கணமாக இருந்த ஒரு குழுவிலிருந்து வந்ததால்தான் இலக்கணம் இல்லாத இடத்தில் எது தேவை என்று இவருக்குத் தெரிந்திருக்கிறது என்பது என் அபிப்பிராயம்.

முதல் பக்கத்தையே பேசிக்கொண்டிருந்தால் மற்ற மூன்று பக்கங்கள் கோபித்துக்கொள்ளும். 'ஸ்கை' இந்த ஆல்பத்தில் ராக் பாட்டு என்று சொல்லக்கூடியதற்கு மிக அருகில் வருவது. டிரம்ஸ் இடித்துக்கொண்டே போக, இரண்டு கிடாரும் ஒரே சுவராக நிற்க, மார்லியின் குரல் அந்தச் சுவருக்குப் பின்னாலிருந்து வருகிறது. இழுத்து, சலிப்போடு, சொற்கள் பாதி கரைந்து. அவர் என்ன பாடுகிறார் என்று கேட்டுப் புரிந்துகொள்ள முயல வேண்டாம். உச்சரிப்பு தெளிவாக இருந்திருந்தால் நாம் சொற்களின் பின்னால் போயிருப்போம், இப்போது குரலின் களைப்பு மட்டும் நம்மிடம் வந்து சேர்கிறது, அது போதும். அவருடைய பாட்டுகளுக்கு அடியில் ஒரு சோகமான மெட்டு இருந்துகொண்டேதான் இருக்கிறது, 'ஸீ இஸ் வயலட்' மாதிரியான இடங்களில் அது எனக்கு நன்றாகவே கேட்கிறது. டனீடன் பாப்பின் அந்த ஏக்கத்தை இவர்களும் வைத்திருக்கிறார்கள், காட்டுவதில் மட்டும் அவசரம் இல்லை. 'கான்ஸ்டெலேஷன்' எனக்கு மிகப் பிடித்தது. ஆல்பம் முழுவதையும் ஒரே மூச்சில் கேட்க நேரமில்லாத நாளில் அதை மட்டும் போடுவேன்.

இரண்டாவது தட்டில் சில துண்டுகளில் கவனம் தளர்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். இரட்டைத்தட்டு என்பதால் இடம் இருந்தது, இடம் இருந்ததால் சேர்த்தார்கள் என்கிற மாதிரி ஓரிரு இடங்கள் இருக்கின்றன. அவற்றை நீக்கினால் ஆல்பம் மோசமாகாது. ஆனால் பொறுக்கியெடுத்து, செதுக்கி, மினுக்கி வெளியிடுகிற குணமே இவர்களிடம் இல்லை. நடந்ததை நடந்தபடி போட்டுவிடுகிற அந்தக் குணத்தால்தான் முதல் பக்கமும் கிடைத்தது. ஒன்றை வாங்கிக்கொண்டு மற்றதைத் திருப்பிக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ரசல் எழுதவும் செய்வார். 1994-ல் தடையற்ற இரைச்சலுக்காக ஓர் அறிக்கையே எழுதி வெளியிட்டார். அதற்கு முந்தைய வருடம் எக்ஸ்பிரஸ்வேயை முடித்துக்கொண்டு கார்ப்பஸ் ஹெர்மெடிகம் என்று இன்னொரு வெளியீட்டைத் தொடங்கியிருந்தார், அதில் பாட்டு வடிவத்தை முழுக்க விட்டுவிட்ட இசைதான் அதிகம். கோட்பாடு படிக்கிறவர்களுக்கு அவர் எழுத்து பிடிக்கும். எனக்கு இந்த ஆல்பத்தில் பிடித்தது கோட்பாடு இன்னும் எழுதப்படாத நிலை. பாட்டா இரைச்சலா என்று முடிவெடுக்காமல் இரண்டுக்கும் நடுவே அலைகிறார்கள். பாட்டு என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே அது உதிர்கிறது, இரைச்சல் என்று விட்டுவிட்டபோது அதற்குள்ளிருந்து இரண்டு கார்டு எழுந்து வருகிறது. பிற்பாடு வந்த ஆல்பங்களில் நீண்ட துண்டுகள் இன்னும் உறுதியாக, இன்னும் தேர்ச்சியோடு இருக்கின்றன. இந்தத் தள்ளாட்டம் மட்டும் அவற்றில் குறைவு.

இன்றைக்கு லோ-ஃபை (பதிவுத் தரம் குறைவாக ஒலிக்கிற) இசை என்று தேடினால் படிக்கும்போது பின்னணியில் ஓடவிடுகிற மெல்லிய தாளத் துண்டுகள்தான் மணிக்கணக்கில் வந்து விழுகின்றன. தட்டின் கீறல், டேப்பின் 'ஸ்ஸ்ஸ்', எல்லாம் கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினால் சேர்ந்துவிடும். அதைக் கேட்கிறவர்கள் கேட்கட்டும், இதமாகத்தான் இருக்கிறது. ஆனால் அந்த இரைச்சல் இசையை எங்கேயும் தொடுவதில்லை. இசை தனியாக முடிந்துவிட்டது, மேலே ஒரு தூசு தூவியிருக்கிறார்கள், வேண்டாமென்றால் துடைத்துவிடலாம். டெட் சி-யின் டேப் அப்படி இல்லை. கிடார் ஓங்கினால் டேப் மழுங்குகிறது, டேப் மழுங்குவதால் சிம்பல் கரைகிறது, ஒன்று அசைந்தால் எல்லாம் அசைகிறது. புதிதாகப் பதிவு செய்யத் தொடங்குகிற இளைஞர்கள் யாராவது இதைப் படித்தால் அவர்களிடம் சொல்ல விரும்புவது: டேப் இரைச்சலைக் கடைசியில் சேர்க்காதீர்கள். கையிலிருக்கிற கருவியின் எல்லை எதுவோ அதை முதலிலேயே கண்டுபிடித்து, அதில் மோதி வாசியுங்கள். கையிலிருக்கிற போனின் மைக்கும்கூட ஓங்கி அடித்தால் ஒரு விதமாகத் திணறும், அந்தத் திணறல் உங்களுடையது.

கேட்க நினைக்கிறவர்களுக்குச் சில விஷயங்கள். போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் இதைக் கேட்டால் வெறும் கரகரப்புதான் வரும், ஏனென்றால் ஆம்பின் அடிமுனகல் முழுக்க அதில் வெட்டுப்பட்டுவிடும். குறைந்த பிட்ரேட் எம்பி3-யும் வேண்டாம். காது கவனிக்காது என்று நினைக்கிறதைத் தள்ளிவிட்டுத்தான் எம்பி3 கோப்பைச் சிறிதாக்குகிறது, இரைச்சல் மாதிரியான ஒலியில் எதைத் தள்ளுவது என்று அதற்குத் திண்டாட்டம், அதனால் டேப்பின் 'ஸ்ஸ்ஸ்' தண்ணீருக்குள்ளிருந்து வருகிற மாதிரி குழைந்துவிடும். இந்த ஆல்பத்துக்கு அது பெரிய இழப்பு. ஹெட்ஃபோனைவிட, ஓர் அறையில் நல்ல ஸ்பீக்கர் வைத்து, பக்கத்து வீட்டாருக்குத் தொந்தரவில்லாத ஒரு நேரத்தில், ஒலியைக் கொஞ்சம் உயர்த்தி வைத்துக் கேட்பதைச் சொல்வேன். அறைக்குள் பதிவானது இன்னோர் அறைக்குள் திரும்ப விரியும்போது அந்தச் சுர மோதல்கள் உங்கள் சுவரிலும் நடக்கும், தலையைத் திருப்பினால் ஒலி மாறும். 'ஸ்கை'யிலிருந்து தொடங்குவது சுலபம் என்று சிலர் சொல்வார்கள். நான் முதல் பக்கத்திலிருந்தே தொடங்கச் சொல்கிறேன், அவர்கள் அதை அங்கே வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. இருபது நிமிடத்தில் காது தன் எதிர்பார்ப்புகளை ஒவ்வொன்றாகக் கீழே வைத்துவிடும். அதற்கப்புறம் 'ஸ்கை' வந்து விழுகிற வேகம், தனியாகக் கேட்கும்போது கிடைக்காது.

இந்த மூன்று பேரும் இன்னும் அதே மூன்று பேர்தான். ஆள் மாறவில்லை, ஒரு பெரிய நிறுவனத்தோடும் சேரவில்லை, 2020-ல்கூட 'அன்நோன்ஸ்' என்று ஓர் ஆல்பம் வந்தது. 'ஹார்ஷ் 70ஸ் ரியாலிட்டி' பிடித்தவர்கள் அடுத்து மார்லி தனியாகச் செய்கிற கேட் என்கிற பெயரிலான இசையைத் தேடுங்கள், ரசலும் கால்பிரெய்த்தும் சேர்ந்த எ ஹேண்ட்ஃபுல் ஆஃப் டஸ்ட் அதைவிடக் கடினம், ஆனால் வயலினும் கிடாரும் மோதுகிற சில இடங்கள் அபாரம். எக்ஸ்பிரஸ்வே கேசட்டுகளைப் பற்றித் தனியாகவே எழுத வேண்டும், குறிப்பாகப் பீட்டர் ஜெஃப்ரீஸின் பியானோவைப் பற்றி. அது அடுத்த பதிவில்.